வெயில் ஏறிய துண்டு

மாப்ள,

இன்று பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியது. விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் ஷெட்டு இருண்டுவிட, கோழிகள் சத்தம் அடங்கி உட்கார்ந்துவிட்டன. இன்னிக்காவது தூங்கித் தொலையுங்கடி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால், உன் ஞாபகம்.

நாம் கூட்டாகப் பண்ணை போட்ட புதிதில் இந்த விளக்கு சமாச்சாரம் உனக்குப் பிடிக்கவே இல்லை. பகல் குறைந்தால் கோழி முட்டையைக் குறைத்துக்கொள்ளும், இருட்டிய பிறகும் விளக்கைப் போட்டுப் பகலை நீட்ட வேண்டும் என்றார் கால்நடை டாக்டர். வெளிச்சத்தைக் கண் மட்டுமல்ல, மண்டை ஓட்டைத் தாண்டி மூளையே உணருமாம். "அப்ப கண்ண மூடிக்கிட்டாலும் தப்பிக்க முடியாதுங்களா?" என்று கேட்டாய். அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் உனக்குப் பிடித்தது. ஒரு முட்டை உருவாக நம் ஒரு நாளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். அதனால் கோழி தினமும் சற்றுத் தள்ளித் தள்ளி இட்டு, கடைசியில் ஒரு நாள் இடாமலே விட்டுவிடும். "பாத்தியா, நாம எத்தன லைட்டுப் போட்டாலும் அதுக்குன்னு உள்ள ஒரு நாளு வெச்சிருக்குது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாய். ஆனாலும் மாலையில் சுவிட்சைப் போடுவது நீதான். போட்டுவிட்டு, "பொய் சொல்லியாச்சு, ஊட்டுக்குப் போலாம் வா" என்பாய்.

போன ஐப்பசியில் உன்னைச் சேலத்து ஆஸ்பத்திரியில் ஐசியூவில் படுக்க வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. ராத்திரியும் பகலும் ஒரே வெளிச்சம். சீக்கிரமே உனக்குப் பொழுது குழம்பிவிட்டது. தூக்கம் போயிற்று. குழாயைப் பிடுங்கினாய், கையைக் கட்டினார்கள். பெண்டாட்டியையே, என் தங்கச்சியையே, யாரென்று கேட்டாய். தங்கச்சி வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்த லைட்டையாவது கொஞ்ச நேரம் அணைங்கம்மா" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனேன். "மத்த பேஷண்டையும் பாக்கோணுமுல்லீங்கய்யா" என்றது அந்தப் பெண். அதைச் சொல்லியும் குற்றமில்லை.

மதியம் பார்க்க விட்டபோது, "பகல்தாண்டா, சோத்து நேரம்" என்றேன். நீ மேலே எரிந்த விளக்கையே பார்த்தாய்.

"எங்கிட்டயேவா மாப்ள? லைட்டப் போட்டுட்டுப் பகலுங்கற ஆளுகதான நாம?"

வெளியே வந்தேன். சேலத்து வெயில் மண்டையைப் பிளந்தது. தோளில் கிடந்த துண்டை பைக் சீட்டின் மேல் விரித்துப் போட்டேன். நன்றாகச் சூடேறியதும் சுருட்டிக்கொண்டு ஓடினேன். கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போய், கட்டியிருந்த உன் கையில் வைத்தேன். நெடுநேரம் பிடித்திருந்தாய்.

"வெயிலு" என்றாய். பிறகு, "உன் தங்கச்சி சாப்புட்டுச்சா?" என்று கேட்டாய்.

அதிலிருந்து தினமும் மதியம் வெயில் ஏறிய துண்டோடு வந்தேன். ராத்திரியில் அந்த நர்ஸ் பெண்ணே உன் கண்மேல் துணி போட்டுவிட ஆரம்பித்தது. நீ தூங்கினாய். கைக்கட்டை அவிழ்த்தார்கள். எனக்கு அடுத்து உள்ளே வரும் தங்கச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாய், வாய் ஓயாமல் பேசினாய்.

பிறகு ஒரு நாள் வானம் மூடிக்கொண்டது. விடிந்ததிலிருந்து தூறல். துண்டு சில்லென்று கிடந்தது. எதிரில் டீக்கடை. பாய்லர் மேல் கொஞ்சம் பிடித்தால் போதும். பாய்லர் வரைக்கும் போய்விட்டேன். தினமும் அத்தனை கோழிக்குக் கூசாமல் சொல்கிற பொய்யை உனக்குச் சொல்ல மனசு வரவில்லை.

வெறுங்கையோடு வந்து நின்றேன். என் விரல்களைத் தடவிப் பார்த்தாய்.

"சில்லுனு இருக்குது. இன்னும் விடியலயாட்டம் இருக்குது. செரி, நான் கொஞ்ச நேரம் தூங்கறேன். நீ ஊட்டுக்குப் போ."

"மத்தியானம்டா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். அப்புறம் நீ திறக்கவே இல்லை.

வெளியே தங்கச்சி தன் முறைக்காகக் காத்து நின்றது. அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால், தங்கச்சிக்கு உன்னோடு இன்னும் ஒரு மதியம் கிடைத்திருக்கும் மாப்ள.