அந்த ஸ்டூலில் நான் உட்காரவில்லை

என் அண்ணனுக்கு,

உன் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர், வீரசோழனில் அரிசிக் கடை வைத்திருக்கும் காதர் பாய். நான் இல்லை. இதைச் சொன்னவர் அவரே. போன செவ்வாய்க்கிழமை காலையில், அவர் கடையில் வைத்துச் சொன்னார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வார்டில் அவர் இருந்ததை மதினியும் முன்பே சொல்லியிருந்தார்.

உனக்கு இது செய்தியில்லை அண்ணே. என் வலைப்பூவை வாசித்தவர்களுக்குத்தான் செய்தி. 'அண்ணனின் மூச்சு அடங்கும்போது அவன் கை என் கைக்குள் இருந்தது' என்று அதில் எழுதியவன் நான்.

முப்பது வருஷத்துக்கு மேல் நிருபராக இருந்தேன். ஒரு செய்தியிலும் 'நான்' என்ற சொல் வந்ததில்லை. ஓய்வு பெற்றதும் உன் மகள் தேவிதான் போனில் வலைப்பூ தொடங்கிக் கொடுத்தாள். முதல் நான்கு பதிவுகளை வாசித்துவிட்டுச் சிரித்தாள். "சித்தப்பா, இது என்ன கலெக்டர் ஆபீஸ் அறிக்கையா? ஒங்களப் பத்தி எழுதுங்க. ஒங்களுக்கு வருத்தமே வராதா?"

உன் முதல் வருஷத் திதி முடிந்த மறுநாள் உட்கார்ந்தேன். பரளச்சியில் உன் மிளகாய்க் காட்டைப் பற்றி எழுதினேன். திருச்சுழியில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டை எறிந்து நீ எனக்கு இடம் பிடிப்பதை எழுதினேன். எல்லாம் உண்மை. எழுதும் ஓட்டத்திலேயே ஆஸ்பத்திரி நாளுக்கு வந்தேன், அந்த வரி வந்து விழுந்தது. படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அடித்து நீக்கவில்லை.

நடந்தது இது. அன்று காலை நான் ஒரு செய்திக்காக நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் நின்றிருந்தேன். மதினி கூப்பிட்டார். "அவுக ஒங்களத் தேடுறாக. சட்டுனு வாங்க." "அதிகாரி இப்ப வந்துருவாரு மதினி. பேசிட்டு மத்தியானம் வாரேன்" என்றேன். அதிகாரி வந்தபோது மணி இரண்டரை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் போன் அடித்தது. மதினி பெயரைப் பார்த்தேன். துண்டித்துவிட்டு, அதிகாரி சொன்னதை எழுதி முடித்தேன். திரும்பக் கூப்பிட்டபோது நீ போய்விட்டிருந்தாய். மறுநாள் அது உள்பக்கத்தில் எட்டு வரி வந்தது.

பதிவை வாசித்துவிட்டு ஓசூரிலிருந்து தேவி பேசினாள். "அப்பா தனியாப் போயிட்டாகன்னு ஒரு வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன் சித்தப்பா. நீங்க கூட இருந்தீகளா?" அழுதுகொண்டேதான் கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா" என்றேன். எழுதியது முதல் பொய். இது இரண்டாவது. எது பெரியது அண்ணே?

அதற்கடுத்த வாரம் பரளச்சிக்குப் போனேன். மதினி வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தேவி போன்ல வாசிச்சுக் காட்டுச்சு கொழுந்தனாரே. நல்லாத்தான் எழுதியிருக்கீக."

நானும் ஒரு வத்தலை எடுத்துக் காம்பு கிள்ளினேன்.

"அவ நிம்மதியா இருக்கா. அதான் நான் வாயத் தொறக்கல. நான் மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். பக்கத்துக் கட்டில்ல மாமனாருக்குத் தொணைக்கு இருந்த வீரசோழன் பாய்தான் பாத்துக்கிட்டாரு. ஊருல நடக்குற எல்லாத்தையும் நாலு பேருகிட்டக் கேட்டு எழுதுறவுகதான நீங்க? அவருகிட்டயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

அதைக் கேட்ட பிறகும் வீரசோழனுக்குப் பஸ் ஏற எனக்கு ஒரு மாதம் ஆனது.

காதர் பாய் மூட்டைகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கி உட்காரச் சொன்னார். "கட்டிலுக்குப் பக்கத்துல ஒரே ஸ்டூலுதான் சார். அதுல உங்க அண்ணன் துண்டப் போட்டு வச்சிருந்தாரு. நான் ஒக்காரப் போனேன். 'அதுல வேணாம் பாய், எந்தம்பி வாரான். ஊரெல்லாம் நின்னுக்கிட்டே எழுதுறவன், கால் கடுத்துப்போய் வருவான்'னாரு. நின்னுக்கிட்டேதான் தண்ணி குடுத்தேன். ரெண்டு மடக்குக் குடிச்சாரு. என் கையப் பிடிச்சுக்கிட்டாரு, ஆனா கண்ணு வாசலப் பாத்துத்தான் இருந்துச்சு. அப்படியே அடங்கிட்டாரு."

பழக்கதோஷம், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டேன்.

"எதுக்கு சார், பேப்பர்ல போடவா?"

"இல்ல பாய். திருத்தம் போட."

முன்பக்கத்தில் தப்பு விட்டால் உள்பக்க மூலையில் திருத்தம் போடுவது எங்கள் தொழிலின் வழக்கம். நானும் அப்படிப் பல தடவை தப்பியிருக்கிறேன். இது அப்படி வராது. இந்தக் கடிதமே திருத்தம். பழைய பதிவு இருந்த அதே இடத்தில் வரும்.

இப்போது வலைப்பூவுக்கும் நிருபர் வேலையில் வைத்திருந்த அதே குறிப்பு நோட்டுதான். 'நான்' என்று தொடங்கும் வரி ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைப் பார்த்தவர் யார் என்று எழுதுகிறேன். யாரும் பார்க்காததற்கு 'எனக்குத் தோன்றியது'. மறந்துபோனதற்கு 'நினைவில்லை'. அழகு குறைந்துவிட்டது. ஆனால் என்னைப் பற்றி எழுதும்போது இப்போதுதான் கை கூசாமல் இருக்கிறது. அறிக்கை மாதிரியும் இல்லை, நடிப்பும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க உன் சாவைத்தான் கெடுக்க வேண்டியிருந்ததா?

இன்னும் தெரியாதது ஒன்று: தேவி என்ன சொல்வாள்? ஞாயிற்றுக்கிழமை மதியம் அருப்புக்கோட்டையில் வந்து இறங்குகிறாள். அவள் வாசித்த பிறகுதான் இதை வெளியிடுவேன். வேண்டாம் என்று சொன்னால் இது என்னோடு இருக்கட்டும். ஆனாலும் பழைய பதிவை அன்றைக்கே எடுத்துவிடுவேன். நான் இல்லாத இடத்தில் என்னை இனி எழுத மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

பரளச்சி பஸ்ஸில் முன்னாலேயே துண்டு போட்டு இரண்டு பேருக்கு இடம் பிடித்து வைப்பேன். கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் வாசித்து முடிக்கும்வரை எழுந்திருக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நீ இடம் பிடித்து வைத்தும் வராத
உன் தம்பி