விசிறி இல்லாத பெட்டி

எசன், ஜேர்மனி, 14.01.2024

அன்பு மகன் ஜெனிஸ்டனுக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன். உன் போன கடிதத்தில் ஐந்து எழுத்துப்பிழை. திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்பா கண்மூடினபிறகு, அவர் குரலை நான் கேட்கவென்று நீ வைத்துவிட்டுப் போன கணினி இரைகிறது. தமிழ்ப் பூசையில் அவர் வாசித்த பைபிள் வாசகத்தைப் போட்டால், பக்கத்தில் யாரோ தையல் மெசின் மிதிப்பதுபோல இருக்கிறது. மின்சாரமும் குடிக்கிறது. சத்தம் போடாத ஒன்றைச் செய்ய உனக்கு ஏலாதா? எஞ்சினியர் என்றுதானே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அம்மா
பிளோறன்ஸ் அல்பேர்ட்

எர்லாங்கன், 25.02.2024

அன்புள்ள அம்மா,

போன மாதம் நான் எடுத்துவந்த கணினியிலிருந்து அப்பாவின் குரல் பதிந்த வட்டைக் கழற்றி, புதிய சின்னச் சேர்வர்ப் பெட்டிக்குள் பூட்டி அனுப்பியிருக்கிறேன். விசிறியே இல்லை. காதை வைத்தாலும் சத்தம் வராது. சின்னப் பல்ப் ஒன்றின் மின்சாரம் போதும்.

அப்பாவின் குரல் வேறெங்கும் இல்லை. ஈஸ்டருக்கு வரும்போது பிரதி எடுக்கிறேன்.

"மாமிக்குப் பயந்துதானே இவ்வளவு வேலை?" என்று உங்கள் மருமகள் சுபானி சிரித்தாள். "ஓம்" என்றேன்.

ஜெனிஸ்டன்

எசன், 10.03.2024

அன்பு மகனுக்கு,

மெச்சினேன். அப்பாவின் குரல் அறைக்குள்ளேயே நிற்கிறது.

ஆனால் வெறும் கறுப்புப் பெட்டி பார்வைக்கு வடிவில்லை. கொன்வென்றில் சிஸ்டர்மார் பழக்கியபடி குறோசே விரிப்புப் பின்னி, நன்றாக மூடி, மேலே மாதா சுருபத்தையும் அப்பாவின் படத்தையும் வைத்திருக்கிறேன். ஊரில் ரேடியோவை அப்படித்தானே வைத்திருந்தோம். தொட்டால் சூடாக இருக்கிறது, உயிர் இருப்பதுபோல.

அம்மா

எர்லாங்கன், 14.04.2024

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே "விரிப்பை எடுங்கோ அம்மா" என்று ரெலிபோனில் சொன்னேன். அதற்கு முந்தியே பெட்டி சூடேறி, வட்டும் பழுதாகி, நின்றுவிட்டது. விசிறி இல்லாததால் மேற்பக்கத்தால்தான் சூடு வெளியேற வேண்டும். அதைச் சொல்லாதது என் பிழை.

ஈஸ்டருக்கு வந்து எடுத்துப்போன வட்டை, பழுதுபார்க்கிற நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஒன்றும் மீளவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

எனக்குக் கோபமில்லை. பரவாயில்லை அம்மா.

ஜெனிஸ்டன்

எசன், 28.04.2024

அன்பு மகனுக்கு,

விரிப்பைத் தோய்த்து, கஞ்சி போட்டு, மடித்து வைத்துவிட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அவர் வாசித்த வாசகம் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிச் சொல்லிப் பார்க்கிறேன். சொல் எல்லாம் வருகிறது. குரல் மட்டும் என்னுடையதாகவே வருகிறது.

புதுப் பெட்டி செய்யாதே. அதில் வைக்க என்ன இருக்கிறது?

கோபமில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்பா என்றால், "உமக்கு ஏனப்பா இந்த வேண்டாத வேலை?" என்று வீடு அதிர என்னை ஏசியிருப்பார். கோபம் வந்தால் உனக்கும் அதே குரல். சின்னனில் அதற்காக உன்னைக் கண்டித்துமிருக்கிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டில்தான் இருப்பேன். ரெலிபோன் எடுத்து என்னை ஏசு. நான் இடையில் பேசமாட்டேன்.

அம்மா