கிளித்தட்டுக்கு விட்ட பாடவேளை

20.05 – செவ்வாய்
அதிபர் நல்லரத்தினம் சேருக்கு எங்கிருந்துதான் இந்த யோசனை வந்ததோ! உடற்பயிற்சிப் பாடவேளையில் இனி ஐந்தாம் ஆண்டும் மைதானத்துக்குப் போக வேண்டுமாம். நான் அந்த நேரத்தில் கணக்குச் செய்விப்பதுதான் வழக்கம். புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. "புள்ளயள் கொஞ்சம் ஓடட்டும் டீச்சர்" என்கிறார். பரீட்சையில் ஓடவா சொல்கிறார்கள்?

21.05 – புதன்
நிருஷாவின் தாய் வந்தார். தை மாதம் பெரியகல்லாற்றிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை. சொன்னதை எழுதுவாள், வகுப்பில் வாய் மட்டும் திறக்கமாட்டாள்.
"வீட்ட ஓயாமக் கதைக்கிறாள் டீச்சர். இஞ்ச ஒருத்தரும் சேர்க்கிறாங்க இல்லயாம். தவணை முடியப் பழைய பள்ளிக்கே கொண்டு போகப்போறன்."
எனக்கு விட மனமில்லை.

22.05 – வியாழன்
மைதானத்தில் கிளித்தட்டு. கோட்டுக்குக் கோடு நின்று மறிப்பவர்களை ஏய்த்துப் பெட்டி பெட்டியாகப் போய்த் திரும்ப வேண்டும். கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்புகிறவள் பழம், இன்னும் போய்க்கொண்டிருப்பவள் காய். இருவரும் ஒரே பெட்டிக்குள் நின்றால் ஆட்டம் போச்சு. அதனால் திரும்பும்போதே "பழம்" என்று கத்த வேண்டும். நிருஷா எல்லாரையும் ஏய்த்துப் போய்த் திரும்பினாள் – கத்தவில்லை. தனுஷியா தெரியாமல் அதே பெட்டிக்குள் பாய்ந்தாள். தோல்வி.
"வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று தனுஷியா சீறினாள். நிருஷா அழுதாள். இதுக்குத்தான் சொன்னனான், கணக்கே செய்விச்சிருக்கலாம்!

29.05 – வியாழன்
இன்று விளையாட விடுவதில்லை என்றுதான் இருந்தேன். தனுஷியா வந்து நின்றாள். "நிருஷாவ எங்கட பக்கமே தாங்க டீச்சர். அவளப்போல ஒருத்தரும் ஓடமாட்டாங்க. கத்த நாங்க பழக்குறம்."
இடைவேளையில் நாலு பேர் அவளைச் சுற்றி நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அவளுக்கு உதடு மட்டும் அசைந்தது. சரி, போங்கள் என்று விட்டுவிட்டேன்.

05.06 – வியாழன்
கத்திவிட்டாள்! அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு சத்தமா? அதிபர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நான் பார்க்காத மாதிரி நின்றேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

13.06 – வெள்ளி
பின்னக் கணக்கு. நிருஷா எழுந்து, "விளங்கல்ல டீச்சர். திரும்பச் சொல்லுங்க" என்றாள். இரண்டு முறை சொன்னேன்.

24.06 – செவ்வாய்
காலையில் வாசலில் நிருஷாவின் தாய். "பழைய பள்ளிக்கு வரமாட்டன் எண்டு ஒரே அடம் டீச்சர்!"
கணக்குப் பாடத்தில் பின்வரிசை வாங்கில் ஓயாத கதை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாய மூடிட்டு இரி புள்ள!" என்று அதட்டினேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போதுதான், நிருஷாவையல்லவா அதட்டினேன் என்று உறைத்தது.