முடித்த பக்கத்தில் கிளிப்

மார்ச் 3, திங்கள்
தலையில் அடிபட்டவர்களுக்கான பயிற்சி வகுப்பில் இன்று மூளையின் முன்பகுதி பற்றி. படியில் விழுந்து எனக்கு அடிபட்ட அதே இடம், நெற்றிக்குப் பின்னால். கை ஒரு வேலை செய்யும்போது இன்னொன்றையும் நினைவில் பிடித்து வைத்திருப்பது அதன் பொறுப்பாம். நான் கை தூக்கி, “அப்போ என் தலைக்குள்ள மூணு நாற்காலி இருந்த பார்லர்ல இப்ப ஒண்ணுதான் மிச்சம்னு சொல்லுங்க” என்றேன். பயிற்சியாளர் சிரித்துவிட்டார். மற்றவர்களைப் பெஞ்சில் உட்கார வையுங்கள் என்றார். பெஞ்ச் என்றால், மறக்காமல் எழுதி வைக்க இந்த நோட்டு.

மார்ச் 5
நாத்தனார் தன் பார்லரில் நான் முடி வெட்டும் நாற்காலியை உள்ளறைக்கு நகர்த்திவிட்டார். மாதக் கடைசிவரை பார்ப்பாராம். அதற்குள் ஒரு தலையை ஒழுங்காக வெட்டிக் காட்டாவிட்டால் வேறு ஆள். தப்பில்லை, ஒரே பெண்ணின் வலப்பக்கத்தை இரண்டு தடவை வெட்டியவள் நான்தானே. ஆனாலும் பதினாறு வருஷம் நின்ற இடம்.

மார்ச் 9, ஞாயிறு
வீட்டுக்காரர் தலையைக் கொடுத்தார். அவரோடு பேசிக்கொண்டே வெட்டினேன். மறுபடியும் வலது. காதுக்கு மேல் சொட்டை. “தொப்பி இருக்கு, விடு” என்றார். குளியலறைக்குள் போய் அழுதேன்.

மார்ச் 10
பயிற்சியாளரிடம் சண்டையே போட்டேன். பேசாமல் வெட்ட வேண்டுமாம்! என்னிடம் வருகிறவர்கள் முடிக்கு மட்டுமா வருகிறார்கள்? அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பேச்ச விட வேண்டாம். கத்தரிய கீழ வெச்சிட்டுப் பேசுங்க. முடிச்ச பக்கத்துல ஒரு கிளிப் குத்துங்க. பேசி முடிச்சதும் மொதல்ல கிளிப்பப் பாருங்க.”
இவ்வளவுதானா? இதற்கா ஒரு படிப்பு?

மார்ச் 11
இவ்வளவுதான். ஆனால் கை கேட்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 18
வீட்டுக்காரர் தலையில் வெட்ட முடி மிச்சமில்லை. பொம்மைத் தலைதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டுமென்றே தொணதொணக்கிறார்: பால் வாங்கியாச்சா, சாவி எங்கே, உங்கம்மா என்ன சொன்னாங்க. கத்தரி கீழே. பதில். கிளிப். மறுபடி கத்தரி. இன்று நாற்பது தடவை, மூன்றில்தான் கோட்டை விட்டேன். நாளைக்கு ஒன்றுகூட விட மாட்டேன். பார்க்கிறேன் ஒரு கை.

மார்ச் 29, சனி
பொம்மைத் தலையோடு கடைக்குப் போனேன். நாத்தனார் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் நாற்காலியை வெளியே இழுத்து, துடைத்து, தானே உட்கார்ந்துவிட்டார். துண்டைப் போர்த்திவிட்டேன்.
வலப்பக்கம் முடித்து கிளிப் குத்தினேன். இடப்பக்கம் பாதியில், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்: “எம்மேல கோவமா?”
கத்தரியைக் கீழே வைத்தேன்.
“ஆமா அண்ணி. ரொம்ப.”
அவர் தலையாட்டினார். நான் கிளிப்பைப் பார்த்தேன். வலது முடிந்தது. கத்தரியை எடுத்து இடப்பக்கம் வெட்டினேன்.
ஒன்றேகால் மணி நேரம். இரண்டு பக்கமும் விரலால் இழுத்து அளந்து பார்த்தார். துண்டை உதறிவிட்டுப் போய் அடுத்தவரைக் கவனித்தார்.

மார்ச் 31, திங்கள்
கடைப் பதிவேட்டில் பத்து மணிக்கு ஒருவர், பன்னிரண்டுக்கு ஒருவர். நாத்தனார் கையெழுத்தில் என் பெயருக்கு எதிரே. நாற்காலி ஜன்னலோரம், பழைய இடத்தில். கிளிப் பையில் எடுத்து வைத்தாயிற்று.