கவிதாக்கா பேட்ஜ்

வெள்ளிக்கெழம.

ரிசார்ட் வேலைய உட்டுட்டேன். நொம்ப சந்தோசம், தூக்கமே வரல.

கவிதாங்கற அக்கா எப்பவோ வேலைய உட்டுப் போயிட்டாங்க. அப்பறம் வந்த மூணு பேரும் கவிதான்னு பேர் போட்ட அதே பேட்ஜத்தான் மாட்டிட்டு இருந்துட்டு போயிட்டாங்க. நாலாவது நான். அத்தன ஊர்ல ரிசார்ட் வெச்சிருக்கற கம்பெனி, எட்டு மாசமா கேட்டும் புதுசு அடிக்கல.

இன்னிக்கு லெட்டர நீட்டுனப்ப மேனேஜர் நிமிந்தே பாக்கல.

"ஏம்மா கவிதா, நீயும் போறியா?"

"கவிதாக்கா போயாச்சுங்க சார். நான் மலர்விழிங்க."

கவிதான்னு அடிச்சுப் பாத்தாரு, கம்ப்யூட்டரும் அவங்க போயாச்சுன்னு காட்டுச்சு. வேற வழியில்லாம என் பேர ஒவ்வொரு எழுத்தா கேட்டு அடிச்சாரு. நானும் மெதுவாத்தான் சொன்னேன்.

போன்ல எனக்குப் புடிச்ச காபி சேனல பாத்துப் பாத்தே காபி போடக் கத்துக்கிட்டேன்ல, அத வெச்சே திங்கக்கெழம நாகலூர் காபி கடைல சேர்றேன்.

பேட்ஜ குடுக்கல, என் பையிலதான் கெடக்குது. அடுத்து வர்ற புள்ளைக்கு அவ பேர்லயே அடிச்சுத்தான் ஆகணும்.