பாவு முளையில் கட்டிய ஜப்பான்

மாமா,

இன்றைக்கு விடியும்போதே தெருவிலிருந்து கஞ்சி வாசனை வந்துவிட்டது. ஏகாம்பரம் அண்ணன் வீட்டில் தறிக்குப் பாவு போடுகிறார்கள். நான் இன்னும் பாயைக்கூடச் சுருட்டவில்லை. அதற்குள் வாசற்படி ஓரம் படுத்திருந்த ஜப்பான் தலையைத் தூக்கி மூக்கை ஆட்டினான். தலையை மட்டும்தான். மிச்சத்தைத் தூக்குவது இப்போது என் வேலை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த மருமகள் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. உயிரோடு இருந்தவரை நான் ஆரம்பித்தாலே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவீர்கள். இப்போது எங்கே போவீர்கள், பார்க்கலாம்.

பெங்களூருக்குக் கல்யாணப் புடவை கொடுக்கப் போனீர்கள். கட்டைப்பையில் புடவையோடு போன மனிதர் அதே கட்டைப்பையில் ஒரு நாய்க்குட்டியோடு வந்து நின்றீர்கள். பெண்ணைப் பெற்றவர் நாய் வளர்க்கிறவராம். முந்தானையைப் பிரித்துப் பார்த்ததும் கண் கலங்கிப்போய், வீட்டில் பிறந்த குட்டிகளில் ஒன்றை எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிட்டாராம். வேறு யாராவது என்றால் ஒரு வேட்டி, ஒரு தட்டு பழம் வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள்.

"இன்னா மாமா இது?"

"ஜப்பான் நாய்மா. அந்த ஊர்ல சண்டைக்குன்னே வளர்த்த ஜாதியாம். தோசான்னு பேரு. வீட்டுல பட்டும் ஜரிகையும் இருக்குது, ஒரு காவல் வேணாமா?"

"நம்ம ஊர்ல இட்லிக்குத்தான் மாமா மரியாதை, தோசைக்கு இல்ல" என்றேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் அதற்கு ஜப்பான் என்று பெயர் வைத்தீர்கள்.

நான் தென்னேரிப் பெண். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். குட்டியின் பாதத்தைப் பார்த்த அன்றே சொன்னேன், இது நாயாக நிற்காது, கன்றுக்குட்டியாகும் என்று. நீங்கள் கேட்கவில்லை. அது கன்றையும் தாண்டியது. கழுத்தில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். நெற்றி நிறையச் சுருக்கம். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டிய தகப்பன் போல ஒரு முகம். கால்நடை ஆஸ்பத்திரியில் நாய் எடை போடும் மேடை போதாமல், பழைய இரும்புக்கடைத் தராசில் நிறுத்திவிட்டு வந்தீர்கள். இரும்பைவிடக் கனம் என்று கடைக்காரர் சொன்னதை உங்கள் பிள்ளை பரீட்சையில் முதலாவது வந்ததுபோல் தெருவெல்லாம் சொன்னீர்கள். எச்சில் வேறு ஒழுகிக்கொண்டே இருக்கும். பட்டு இருக்கிற வீட்டில் எச்சில் ஒழுகுகிற ஜீவன்! வீட்டிலிருந்த பழைய துண்டெல்லாம் அதன் வாய் துடைத்தே தீர்ந்தது. துடைத்தது யார்? நீங்களா?

யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன், அது ஒரு தடவையாவது குரைத்திருந்தால். பால்காரர் வந்தார், சிலிண்டர் வந்தது, யாரோ தெரியாத ஆள் முகவரி கேட்டு உள்ளேயே வந்து நின்றார். அது கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"காவலுக்குன்னு வாங்கினு வந்தீங்க, ஊமையா இருக்குதே மாமா."

"ஊமை இல்லமா. அங்க சண்டையில குரைச்சா அந்த நாய் தோத்துடுச்சுன்னு அர்த்தமாம். சத்தம் போட்டவன் தோத்தான். அவ்ளோதான்."

எங்கேயோ ஜப்பானில் இருக்கிற சட்டத்தை அன்றிலிருந்து என் தலையில் கட்டிவிட்டீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் முடித்து வந்த உங்கள் பிள்ளையிடம் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், தறிக்குழிக்குள்ளிருந்து பதில் வரும்: "தோத்துட்டமா, தோத்துட்ட."

ஆனால் ஒன்று சொல்கிறேன். அத்தை போன பிறகு நீங்கள் தறியில் உட்கார்ந்தீர்கள், தட்டில் போட்டதைச் சாப்பிட்டீர்கள், படுத்தீர்கள். பேச்சு மட்டும் இல்லை. சாம்பாரில் உப்பில்லை என்றுகூடச் சொல்லமாட்டீர்கள். அந்தக் கட்டைப்பை வந்த பிறகுதான் வீட்டில் உங்கள் குரலை மறுபடி கேட்டேன். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு துண்டு துவைத்தேன்.

தெருவுக்கு அது தெரியுமா? குரைக்கிற நாய் கடிக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்த பழமொழி. இது குரைக்கவே இல்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? தெரு முடிவு கட்டிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து டிவியில் ஆபத்தான நாய்கள் என்று சொல்லி நம் ஜப்பானின் இனத்தையும் காட்டிவிட்டார்கள். மறுநாளே ஏகாம்பரம் அண்ணன் நாலு பேரோடு வந்து நின்றார்.

"பெரியவரே, புள்ளகுட்டிங்க இருக்கற தெரு. இத்த எங்கனா அனுப்பிடுங்க."

நீங்கள் கும்பிட்டீர்கள் மாமா. பேரத்துக்கு வருகிற முதலாளியிடம்கூடக் கையைக் கட்டாத மனிதர், ஒரு நாய்க்காகக் கைகூப்பி நின்றதைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். "கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டேன்பா, லைசென்ஸ் வாங்கிட்டேன், வாயைக் கட்டித்தான் வெளியே இட்டாருவேன்" என்றீர்கள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார்கள். ஒரே ஒரு தப்பு நடந்தாலும் நாய் தெருவை விட்டுப் போய்விட வேண்டும். பாவு போடுகிற நாளில் தெருப்பக்கமே வரக்கூடாது, பின்சந்தோடு சரி.

கடையில் விற்கிற வாய்க்கூடு எதுவும் அந்த மூஞ்சிக்குப் பொருந்தவில்லை. தென்னேரியில் அப்பாவிடம் சொல்லி, மாட்டுக்குக் கட்டுகிற கயிற்று வாய்க்கூடு ஒன்றை நான்தான் வாங்கி வந்தேன். அளவெடுத்துப் பின்னியது போல உட்கார்ந்தது. ஏர் பூட்ட வேண்டியதுதான் பாக்கி.

கல்யாணமாகி வந்த புதிதில் பாவு போடுவதைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன். ஒரு புடவையல்ல, சில புடவைகளுக்கான நீள இழையெல்லாம் தெருநெடுக இழுத்துக் கட்டியிருக்கும். இரண்டு முனையிலும் முளை அடித்துக் கயிறு. நடுவில் ஆட்கள் கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு கோழி குறுக்கே ஓடினால் போதும், ஒரு குடும்பத்தின் பல நாள் சோறு சிக்கலாகிவிடும். கோழியைக்கூடத் துரத்திவிடலாம். பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழி என்று பைக்கில் பறக்கிற பையன்களை என்ன செய்வது? ஏகாம்பரம் அண்ணன் தொண்டை கிழியக் கத்துவார். ஒருத்தனும் கேட்கமாட்டான்.

அந்த ஏகாம்பரம் அண்ணன் பாவு போட்ட நாளில்தான் பின்சந்தைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நடை முடிந்து வந்த நீங்கள், வேறு வழியில்லாமல் ஜப்பானைக் குறுகப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகத் தெருவுக்குள் நுழைந்தீர்கள். நான் கோலத்தை முடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு வீடு தாண்டினால் நம் வீடு. அப்போது பாவின் நடுவிலிருந்து யாரோ சொன்னார்கள்: "ஐயோ, இழை அறுந்துடுச்சே!"

அவ்வளவுதான். நெய்கிறவர் காதில் இது விழுந்தால், வீடு பற்றி எரிந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும்போல. அறுந்த இழையைப் பிணைக்க அந்தத் தெருவில் உங்கள் விரலுக்கு மிஞ்சிய விரல் கிடையாது, அது உங்களுக்கும் தெரியும். கையிலிருந்த கயிற்றைப் பக்கத்தில் இருந்த முளையில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு ஓடினீர்கள். எந்த முளை என்று பார்த்தீர்களா? பாவு முளை, மாமா. ஏகாம்பரம் அண்ணனுடைய பாவு மொத்தத்தையும் இழுத்துப் பிடித்திருந்த முளை!

முதலில் பார்த்தது நான். அப்புறம் ஏகாம்பரம் அண்ணன். அவர் முகத்தில் இரத்தம் இறங்கிப்போனது இங்கிருந்தே தெரிந்தது. ஜப்பான் ஓர் இழுப்பு இழுத்தால் முளை பிடுங்கிக்கொண்டு வரும், பாவு சுருண்டு விழும், நாயும் தெருவை விட்டுப் போகும். உங்கள் பேச்சும் அதோடு போகும். கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் திடுக்கிட்டு இழுத்துவிடுமே! திறந்த வாயை அப்படியே கையால் பொத்திக்கொண்டேன். மூக்குக்கு எதிரே கஞ்சி ஈரத்தோடு பாவு. அதுவோ தினம் காலையில் உங்கள் கையால் பழஞ்சோற்றுக் கஞ்சி குடித்து வளர்ந்த நாய். வாய்க்கூட்டுக்குள்ளிருந்து எச்சில் நூலாக இறங்கியது.

போதாதென்று தெருமுனையில் ஒரு பைக் திரும்பியது. ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தான். ஜப்பான் மெதுவாக எழுந்து, கயிறு தொய்ந்தே இருக்க, தெருவின் குறுக்கே திரும்பி நின்றது. குரைக்கவில்லை. உறுமவில்லை. அந்தக் கவலைப்பட்ட முகத்தோடு அவனைப் பார்த்தது, அவ்வளவுதான். மாட்டு வாய்க்கூடு போட்ட, மாடளவு நாய் ஒன்று பேசாமல் தன்னையே பார்ப்பதை அவன் அதுவரை எங்கே கண்டிருக்கப் போகிறான்! பிரேக் போட்டான். வண்டியை விட்டு இறங்கி, சத்தம் வராமல் அதைத் திருப்பி, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போய், அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தான்.

ஜப்பான் மறுபடி முளையடியில் படுத்துக்கொண்டது. பாவு காற்றுக்கு ஆடுவதற்கு மேல் ஆடவில்லை.

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெரியவரே, முளை... முளை..." என்று ஏகாம்பரம் அண்ணன் முனகியதற்கு, "இருப்பா, இழை பிணைக்கிறேன் இல்ல" என்றீர்கள். பிணைத்து, தடவிப் பார்த்து, திருப்தியான பிறகு நிமிர்ந்தீர்கள். அப்போதுதான் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று கண்ணில் பட்டது. திருடனைப் போல நுனிக்காலில் நடந்து முளைக்கு வந்ததை நான் பார்த்தேன். இல்லை என்று பிறகு ஆயிரம் சொன்னீர்கள்.

நீங்கள் முடிச்சை அவிழ்த்தீர்கள். நாயை அனுப்பிவிடுங்கள் என்று ஏகாம்பரம் அண்ணன் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜப்பானைப் பார்த்தார், பைக் போன திசையைப் பார்த்தார்.

"வர வெள்ளிக்கிழமை மூலை வீட்டுல பாவு போடறாங்க" என்றார். "ஜப்பானைக் கொஞ்சம் அனுப்பி வைங்க."

அன்று உள்ளே வந்ததும் நீங்கள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "வாயைப் பொத்தினு நின்ன பாரு, இன்னிக்குத்தான்மா நீ ஜெயிச்ச." நான் ஜெயித்ததாவது! பொத்திய கையை வாயிலிருந்து எடுக்க அப்போதுகூடப் பயமாக இருந்தது. அன்றிலிருந்துதான் எனக்கும் அது அவன் ஆனது.

அதற்குப் பிறகு இந்தத் தெருவில் எந்த வீட்டில் பாவு போட்டாலும் தெருமுனையில் குறுக்கே படுப்பது அவன்தான். முதல் வாய்க் கஞ்சி அவனுக்கு என்று வழக்கமும் ஆகிவிட்டது. பைக் பையன்கள் சுற்றுவழியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறார்கள். ஏகாம்பரம் அண்ணனுக்குத் தொண்டைக் கட்டு விட்டுப்போயிற்று.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று தெருவே அழுதது. அவன் மட்டும் ஒரு சத்தமும் இல்லாமல் போய், உங்கள் தறிக்குழியின் ஓரத்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டான். நான் கத்தினேன் மாமா, தெருமுனைவரை கேட்கக் கத்தி அழுதேன். "தோத்துட்டமா" என்று சொல்லக் குழிக்குள் ஆள் இல்லை.

காரியம் முடிந்ததும் உங்கள் பிள்ளை, ஓரிக்கையில் தோப்பு வைத்திருக்கிற நண்பன் ஜப்பானைக் கேட்கிறான் என்று ஆரம்பித்தார். "வயசாயிடுச்சு, இங்க யார் பார்த்துப்பாங்க?" நான் வாயே திறக்கவில்லை. பார்த்தேன். அவன் பைக் பையனைப் பார்த்த மாதிரிப் பார்த்தேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இப்போது அவனுக்குப் பின்னங்கால்கள் எழுவதில்லை. படுத்துவிட்ட மாட்டை எங்கள் ஊரில் வயிற்றுக்கடியில் சாக்குக் கொடுத்துத் தூக்கி நிறுத்துவோம். அதையேதான் செய்கிறேன். சாக்கு உறுத்துகிறது என்று உங்கள் எட்டு முழ வேட்டியை எடுத்துக்கொண்டேன். கரை கிழியவில்லை, கவலைப்படாதீர்கள்.

சற்றுமுன் ஏகாம்பரம் அண்ணன் வாசலில் வந்து நின்றார். "இன்னாமா, ஜப்பானை எழுப்பலாமா? பசங்க பைக்கை எடுத்துடுவானுங்க." தெருவில் பாவு காத்துக்கொண்டிருக்கிறது. வேட்டியை அவன் வயிற்றுக்கடியில் விட்டு, இரண்டு முனையையும் தோளில் போட்டுக்கொண்டு எழப் போகிறேன். "யப்பா!" என்று கத்தாமல் ஒருநாளும் என்னால் அவனைத் தூக்க முடிந்ததில்லை, அதனால் தினமும் காலையில் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். முன்பாதி தானே நடந்துவிடும் மாமா. பின்பாதியை நான் தூக்கிக்கொண்டு போகிறேன்.