கலீனா தலையாட்டிய காட்சி

கர்லோவோ,
செப்டம்பர் 24

அன்புள்ள யாவோர்,

நானும் அப்பாவும் சுகம், அவருடைய இடது முழங்காலைச் சேர்க்காமல் சொல்கிறேன். நீயும் லிஸ்பனில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். இங்கே குடைமிளகாய் சுட்டு ஜாடியில் அடைக்கிற வாரம், தெருவெல்லாம் புகை.

பக்கத்து வீட்டு கலீனாவிடம் கல்யாணம் கேட்கப்போகிறேன், நீதான் சாட்சி என்று ஸ்தோய்மென் என்னைக் கூப்பிட்டபோது, பேச்சே இல்லாத உன் பரீட்சைப் படத்துக்கு ஆகும் என்று இருவரையும் கேட்டுக்கொண்டு போனில் எடுத்து அனுப்பினேன் அல்லவா. நீ சொன்னபடியேதான் எடுத்தேன். முதலில் முற்றம் முழுவதும் வைட் ஷாட், பிறகு இடுப்புவரை, கடைசியில் முகம் மட்டும் குளோசப், ஜூம் செய்யாமல் நானே நடந்து கிட்டே போனேன். கலீனா உதட்டை இறுக்கிக்கொண்டு, கண் கலங்க, தலையைப் பக்கவாட்டில் ஆட்டியது திரை நிறைய வந்தது. அதைப் பார்த்து உன் ஆசிரியர், பாவம் அந்த மனிதர், எவ்வளவு நாகரிகமாக மறுத்துவிட்டாள் என்றாராமே. நீ எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நம்ம ஊர்ல பக்கவாட்டுல ஆட்டுனா சரி, மேலயும் கீழயும் ஆட்டுனா மாட்டேன், இதுகூடத் தெரியாம எப்படி வாத்தியார் ஆனாரு" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

அடுத்த வெள்ளிக்குள் சரியான படம் தராவிட்டால் உனக்கு ஒரு வருடம் போய்விடும், கலீனாவை லிஸ்பன் முறையில் மேலும் கீழும் ஆட்டச் சொல் என்று கெஞ்சினாய். முப்பத்தொரு வருடம் நிருபராக இருந்து யாரிடமும் பதிலை மாற்றிச் சொல்லுங்கள் என்று நான் கேட்டதில்லை. உனக்காகக் கேட்டேன். "அபசகுனமா இருக்கு ரதோ, ஆனா பையன் படிப்பாச்சே" என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

நேற்றுக் காலை பத்து மணி. முகத்தில் அதே பாவம் வரட்டும் என்று நானே சத்தமாக, ஸ்தோய்மெனைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். அவள் மேலும் கீழுமாக மூன்று தடவை ஆட்டினாள். குளோசப் எடுக்கிறவருக்குப் பக்கத்தில் நடப்பது தெரியாது என்பதை எழுதி வைத்துக்கொள். வாசலில் ஸ்தோய்மென் நின்றிருந்தார். அவரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. "நல்லது, புரிஞ்சுது. ஏணி என்னோடது, எடுத்துக்கிறேன்" என்று திராட்சைப் பந்தலில் சாய்த்திருந்த ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கலீனா "யோவ் கழுதை, அது படத்துக்குய்யா" என்று கத்தினாள். "கல்யாணத்துக்கு ஒரு பதில், படத்துக்கு ஒரு பதிலா" என்று அவர் திரும்பாமலே கேட்டார்.

போன் ஓடிக்கொண்டே இருந்தது. முன்பு ஒருமுறை போனை ஈ விரட்டுவது போல் திருப்பியதற்கு நீ திட்டினாய், அதனால் அவள் பின்னாலேயே மெதுவாகத் திருப்பி, தெரு முழுவதும் வந்ததும் நிறுத்திவிட்டேன். கலீனா வீட்டுச் செருப்போடு ஓடி ஏணியின் பின்முனையைப் பிடித்தாள். அவர் இரண்டடி இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை. தோளில் ஏணி இருப்பதால் அவரால் திரும்பவும் முடியவில்லை. அவள் இழுக்க இழுக்க, அவர் பின்பக்கமாகவே அடிமேல் அடி வைத்து வாசல் வரை வந்துசேர்ந்தார். வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏணி பழையபடி பந்தலுக்கே போனது.

அந்த இரண்டு நிமிடத்தை இத்துடன் அனுப்புகிறேன். தலைகள் மிளகு அளவுதான், எப்படி ஆட்டினாலும் தெரியாது, ஆனால் அவள் என்ன பதில் சொன்னாள் என்று உன் ஆசிரியருக்கும் புரியும். பொய்யாக ஆட்டியதை அழித்துவிட்டேன். எங்கும் வெட்டாதே, அவர் பின்பக்கமாக நடந்து வருவதை முழுவதும் விடு. "என் முதுகுதானே தெரியுது, போடட்டும்" என்று அவரும் அனுமதி கொடுத்துவிட்டார். கல்யாணம் அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, டிக்கெட்டை இன்றே எடு.

நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும், உடம்பு நன்றாக இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. முடிவு வந்து வீடியோவில் கூப்பிடும்போது வாயைத் திறந்து சொல். அந்த ஊரில் இரண்டு வருடம் இருந்துவிட்டாய், உன் தலை இப்போது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று எனக்குத் தெரியாது.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ரதோஸ்தினா